பூஞ்சைக்கு வீடு மாற்றிக் கொடுத்த கதை

உறவுக்காரர்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்துக் கெட்ட பெயர் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பூஞ்சைக்கு வீடு மாற்றிக் கொடுக்கப் போய் மானத்தைத் தொலைத்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். இதில் கூடுதல் கேவலம் என்னவென்றால், அப்போது நான் தாவரவியலில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். (அந்தப் பிள்ளைகள் எப்படித் தேறினார்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். தேறினார்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பிறந்த வீடு கீழ்பென்னாத்தூர் பக்கம். அண்ணனுக்கு நெல்லும் வேர்க்கடலையும். கல்யாணத்தின்போது விளைச்சல் சரியில்லாமல் சீர் கொஞ்சம் இளைத்துப் போயிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க, அடுத்த வருஷம் நல்ல மகசூல் கண்டதும் அண்ணன் ஒரு ஃப்ரிட்ஜை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இறக்கினார். அதைத் தன் வீட்டுக்கு வாங்குவதாகத்தான் என் அண்ணி கடைசி நிமிஷம் வரை நினைத்திருந்தார். வாசலைத் தாண்டி வேன் போனதும்தான் அவருக்கு விஷயம் புரிந்ததாம். ஆகவே அந்த ஃப்ரிட்ஜ் எனக்கு வெறும் ஃப்ரிட்ஜ் இல்லை. என் பிறந்த வீடு எனக்காக எடுத்த முடிவு. அது என் வீட்டில் நின்றாக வேண்டும்.

எங்கள் தெருவில் அதுதான் முதல் ஃப்ரிட்ஜ். தேரடியிலிருந்து இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தவர்கள்கூட வந்து பார்த்தார்கள். ஒரு அம்மா ஐந்து நிமிஷம் கையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு, வைத்துக்கொண்டு, திருப்தியாகப் போனார்.

எல்லாம் சரி, உள்ளே எதை வைப்பது? நாங்கள் ஜைனர்கள். என் மாமனார் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசாரத்திலும் தலைமை எழுத்தர்தான். பொழுது சாய்ந்த பிறகு வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. சமைத்தது அன்றைக்கே தீர வேண்டும். நேற்றைய குழம்பை இன்றைக்குச் சூடு பண்ணுவது என்கிற பேச்சே கிடையாது. புளித்த மாவும் கிடையாது. ஃப்ரிட்ஜ் எதற்காகப் படைக்கப்பட்டதோ அது எதுவும் எங்கள் வீட்டில் செல்லாது. கடைசியில் காலைப் பால், வெண்ணெய், எலுமிச்சம்பழம், கறிவேப்பிலை, என் தலைக்கு வைக்கிற மல்லிப்பூ, இவ்வளவுதான் உள்ளே குடியேறின. அதிலும் பால் சாயங்காலக் காப்பியோடு தீர்ந்துவிடும்.

இங்கேதான் என் மாமியார் ஒரு ஏற்பாடு செய்தார். அத்தைக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. சூரியன் மறைவதற்குள் சாப்பாட்டை முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, அடுப்படியைத் துடைத்துவிட்டு, நேராகப் போய் ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிடுவார். "ராத்திரியில யாரு சாப்பிடப் போறா? அது மட்டும் எதுக்கு முழிச்சிக்கினு இருக்கணும்?" என்பது அவர் கேள்வி. காலையில் பால் வந்ததும் மறுபடி போடுவார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் இரவு உணவு துறந்துவிட்டது. அறிவியல் டீச்சரான எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நியாயம்தானே என்று தலையாட்டினேன். ஆட்டிய தலையை இப்போது நினைத்தாலும் குட்ட வேண்டும்போல் இருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பூ எடுக்கக் கதவைத் திறந்தவள், கதவைச் சுற்றி ஓடுகிற வெள்ளை ரப்பரில் கடுகு சிந்தியிருப்பதாக நினைத்தேன். விரலால் தட்டினேன். விழவில்லை. மடிப்பை விரித்துப் பார்த்தால் நாலு பக்கமும் கறுப்புப் புள்ளிகள், கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பஞ்சு. பூஞ்சை. கூடவே ஈரக் கோணிப்பை வாடை.

சோப்புத் தூளைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தேய்ப்பு தேய்ப்பதற்குள் மாமா செய்தித்தாளோடு வந்து நின்று, அது என்ன என்று கேட்டார்.

'அழுக்கு மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தலைப்புச் செய்திக்குத் திரும்பிப் போயிருப்பார். இந்தக் கட்டுரையும் இல்லை. ஆனால் நான் படித்தவள் ஆயிற்றே. வீட்டில் யாரும் அதுவரை என் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. முதல் கேள்வி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இது பச்சையம் இல்லாத தாவரம், உடம்பு நூல் நூலாக இருக்கும், ஒரு புள்ளியிலேயே எண்ண முடியாத வித்துகள் இருக்கும், காற்றில் பறந்து போய் ஈரம் கண்ட இடத்தில் முளைக்கும் என்று முழுப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். பிரஷ்ஷையே குச்சியாக வைத்துப் புள்ளிகளைச் சுட்டிக் காட்டினேன். மாமா செய்தித்தாளை மடித்து, மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூச்சு விடுமா?" என்றார்.

"விடும் மாமா."

"சாப்பிடுமா?"

"நல்லா சாப்பிடும் மாமா."

"அப்போ அந்த பிரஷ்ஷைக் கீழ வைம்மா."

வைத்தேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய பாடங்களிலேயே முழுமையாகப் போய்ச் சேர்ந்த பாடம் அதுதான்.

எறும்பு வரிசையைத் தாண்டக்கூட யோசிக்கிற மனிதர் அவர். தெரியாமல் செய்வது ஒன்று. உயிர் என்று மருமகளே விளக்கிச் சொன்ன பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றுவது வேறு. கதவைச் சாத்தினால் மடிப்புக்குள் இருப்பவை நசுங்கும் என்று, கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு மணையை நிறுத்தி வைத்தார். அன்று மத்தியானமே பால் திரிந்தது. அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நானும் கொஞ்சம் திரிந்தேன்.

சாயங்காலம் மாமா தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை அண்ணன் வேர்க்கடலை மூட்டைகளோடு திருவண்ணாமலைக்கு வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். திரும்பும்போது வேன் காலியாகத்தான் போகும். அதில் ஃப்ரிட்ஜை ஏற்றி அனுப்பிவிடலாம். கோபத்தில் சொல்லவில்லை. "நமக்குத் தோது இல்லாத பொருளும்மா. வீட்டுல வச்சிக்கினு தினமும் பாவம் சேக்கணுமா?" என்றுதான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

எனக்கு உலகமே இருட்டிவிட்டது. கொடுத்த சீர் திரும்பிப் போகிறது என்றால் ஊரில் என்ன பேசுவார்கள்? அதைவிட, வேனிலிருந்து ஃப்ரிட்ஜ் இறங்கும்போது அண்ணியின் முகத்தில் வரப்போகும் சிரிப்பு என் கண்முன் நின்றது. என் கணவரிடம் அழுதேன். அவர் மின்சார அலுவலகத்தில் வேலை. வீட்டு விவகாரங்களில் அவர் எந்தப் பக்கத்துக்கும் கரண்ட் கொடுக்க மாட்டார். "அப்பா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை அத்தை கத்தரிக்காய் நறுக்கும்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. காயில் புழு இருந்தால் அத்தை கொல்ல மாட்டார். அந்தத் துண்டோடு கொல்லைக்குக் கொண்டுபோய் நிழலில் வைத்துவிட்டு வருவார். புழு தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். அதையே ஏன் பூஞ்சைக்குச் செய்யக் கூடாது? ரப்பரைக் கழற்றிக் கொல்லையில் மாட்டிவிட வேண்டியது. கீழே ஈரச் சாக்கு விரிக்க வேண்டியது. பூஞ்சை ரப்பரைவிட ஈரச் சாக்கைத்தான் விரும்பும் என்பது தாவரவியல் உண்மை. தானாகவே அங்கே குடிபெயர்ந்துவிடும். காலியான ரப்பரை எடுத்து வந்து மாட்டிவிடலாம். (பூஞ்சைக்குக் கால் கிடையாது என்பதும் தாவரவியல் உண்மைதான். அந்தச் சமயத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை.)

மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரே நிபந்தனை போட்டார்: கழற்றும்போது ஒன்றும் நசுங்கக் கூடாது. என் கணவர் ஆபீஸ் திருப்புளியோடு உட்கார்ந்து, கதவின் உள்பலகையைச் சுற்றியிருந்த அத்தனை ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கதவளவு நீளமாக, சதுரமான மாலை மாதிரி ரப்பர் வெளியே வந்தது. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை, முன்னால் மாமா வழி விலக்கிக்கொண்டு, கொல்லைக்கு ஊர்வலமாகப் போனோம். கொய்யா மரக் கிளையில் மாட்டினோம். கீழே சாக்கை நனைத்து விரித்தேன். அன்று சாயங்காலம் மாமா இரண்டு தடவை போய், யாராவது இறங்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை, புடவை கட்டி, டிபன் டப்பாவைப் பையில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறேன். கொல்லையில் அத்தை குரல். ஓடிப் போய்ப் பார்த்தால் கொய்யா மரத்தில் இரண்டு குரங்கு. ஒன்று கொய்யாப் பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று என் ஃப்ரிட்ஜ் ரப்பரை இரண்டு சுற்றாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தது.

எங்கள் ஊர்க் குரங்குகளுக்கு யாத்ரீகர்களின் மூக்குக்கண்ணாடியிலிருந்து செருப்பு வரை எல்லாம் பழக்கம். ரப்பர் மாலை அதற்குப் பிடித்துவிட்டது. கொல்லைச் சுவர், பக்கத்து வீட்டு ஓடு, தெரு என்று அது தாவ, நான் கையில் பையோடு பின்னால் ஓடினேன். தெருவே பார்த்தது. "டீச்சர், எங்க ஓடுறீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்லக்கூட முடியவில்லை, சொல்லும்படியான பதிலும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் எதிரே வந்து, வணக்கம் டீச்சர் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, அண்ணாந்து குரங்கைப் பார்த்தார்கள். குரங்கு அதற்குள் ஒரு லாட்ஜின் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது.

நானும் ஏறினேன். மாடி முழுக்க ஈர வேட்டிகள் தொங்கின. தண்ணீர்த் தொட்டியின் மேலே குரங்கு சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்த லாட்ஜ் மேனேஜர் தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், உங்களுதா?" என்று கேட்டார்.

"ரப்பர் மட்டும்" என்றேன்.

அப்போது இரண்டாவது குரங்கும் வந்து சேர்ந்தது. முதல் குரங்கின் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தது. தலை முடிந்ததும் கழுத்துக்கு இறங்கியது. கழுத்தில் ரப்பர். ரப்பரில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அதற்குப் பொக்கிஷம் கிடைத்துவிட்டது. விரலால் மடிப்பை விரித்து, ஒவ்வொரு புள்ளியாக நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்து, சிலதை வாயில் போட்டுக்கொண்டு, பிடிக்காததைத் துப்பியது. பிறகு அடுத்த மடிப்பு. அத்தனை பொறுமையாக, அத்தனை சுத்தமாக நான் என் ஆயுளில் ஒரு பாத்திரம்கூடத் துலக்கியதில்லை.

நான் கையை ஓங்கப் போனேன். மேனேஜர் தடுத்தார். "வேலைய முடிக்கட்டும் டீச்சர். அவசரப்படுத்துனா கடிச்சிட்டுப் பூடும்" என்று சொல்லி எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். மூன்று பக்கமும் முடிந்து நாலாவது பக்கம் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூட முதல் மணி கேட்டது. இனித் தாங்காது என்று டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சம்பழச் சாதத்தை நீட்டினேன். இரண்டும் இறங்கி வந்து, சாதத்தை டப்பாவோடு வாங்கிக்கொண்டு, ரப்பரைப் போட்டுவிட்டுப் போயின.

எடுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் நாலைந்து புள்ளி பாக்கி. இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாலைந்தையும் லாட்ஜ் குழாயில் முந்தானையை நனைத்து நானே துடைத்துவிட்டேன். மாமாவிடம் கடைசி வரை இதைச் சொல்லவில்லை. மேனேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே கரும்பலகையில் சதுர மாலை போட்ட குரங்கு ஒன்று வரையப்பட்டிருந்தது. படம் நன்றாகவே இருந்தது. நான் அதை அழித்துவிட்டு, அன்றைக்கு இயற்பியல் நடத்தினேன்.

வீட்டில் மாமா, பத்திரம் படிக்கிற பூதக்கண்ணாடியை வைத்து ரப்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் எங்கே போனார்கள் என்று கேட்டார். குரங்கு பேன் பார்த்த கதையைச் சொன்னேன். அத்தை அடுப்படிக்குள் ஓடிப் போய்ச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. மரத்தில் மாட்டியது நாம்தானே என்று சொல்லி, அன்று சாயங்காலம் தனக்குச் சாப்பாடு வேண்டாம் என்றார். அவர் சாப்பிடாதபோது நான் எப்படிச் சாப்பிடுவது? மத்தியானச் சோறு குரங்குக்குப் போய், சாயங்காலச் சோறு பிராயச்சித்தத்துக்குப் போய், அன்று நான் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு ஓடி வந்தால் வாசலில் அண்ணனின் வேன் நின்றது. என் கணவர் காலையிலேயே ரப்பரை மாட்டி முடித்திருந்தார். ஒரு மூலையில் குரங்குப் பல் பதிந்திருந்ததைத் தவிர ஃப்ரிட்ஜ் புதுசு போலிருந்தது. கதவு பழைய மாதிரியே 'டப்' என்று ஒட்டியது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமா அசையவில்லை. இப்போது போனாலும் இன்னும் பத்து நாளில் மறுபடி வரும், அப்போது மறுபடி குரங்கைக் கூப்பிடுவதா என்று கேட்டார். அண்ணன் பாவம், என்னைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். என் கணவர் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கக் கயிறு தேடப் போனார்.

பொழுது இறங்கியது. எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அத்தை பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தினமும் போல நேராக சுவிட்சிடம் போனார். வீட்டை விட்டுப் போகிற ஃப்ரிட்ஜ் என்றாலும் பழக்கம் விடவில்லை. அவர் கை சுவிட்ச் மேல் பட்டது.

அந்தக் கையைப் பார்த்தேன். காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்சுவரில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீர் நினைவுக்கு வந்தது. அது வழிந்து வந்து தங்குகிற ரப்பர் மடிப்பைப் பார்த்தேன். ஒன்றரை வருஷ வகுப்பும், மூன்று வருஷக் கல்லூரியும் அந்த ஒரு நொடியில் வேலை செய்தன.

"அத்தை, அணைக்காதீங்க" என்று ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. வீடே திரும்பிப் பார்த்தது.

சொன்னேன். ஆறு மணிக்கு அணைத்துக் கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிற பனி உருகுகிறது. ராத்திரி முழுக்க ஈரம் ரப்பரில் நிற்கிறது. அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிறக்கிறது. ஓடிக்கொண்டே இருந்து, ரப்பரில் நிற்கிற ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் அது பிறக்காது.

"பொறந்த பிறகு அதைக் காப்பாத்தறது எப்படின்னுதான் மூணு நாளா யோசிச்சோம் மாமா. பொறக்க வச்சதே நாமதான். வராம பாத்துக்கினா யாரையும் கொல்ல வேணாம்."

மாமா ஃப்ரிட்ஜைத் திறந்து மடிப்பில் விரல் வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "நீதானே சயின்ஸ் டீச்சரு? தினமும் உன் கண்ணெதிர்லதானே அணைச்சேன்? இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

நல்லவேளை, என் பதிலுக்கு மாமா காத்திருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, குனிந்து, ரப்பரை மேலிருந்து கீழே ஒரு சுற்று ஒற்றினார். "இது என் வேலை. சாயங்காலம் சாப்பிடறதுக்கு முன்னாடி நான் செஞ்சிடறேன்" என்றார். அதன் பிறகு கை நடுங்குகிற வயது வரும்வரை ஒரு நாளும் அவர் அதை விடவில்லை. அந்த ரப்பரில் மறுபடி ஒரு புள்ளி வந்ததில்லை.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெற்றி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அண்ணன் பெருமூச்சு விட்டுக் கிளம்ப எழுந்தார். மாமா அவரை நிறுத்தினார். வேனைக் காத்திருக்க வைத்துவிட்டோம், அது வெறுமனே போகக் கூடாது என்று சொல்லி, அடுப்படி மூலையில் பால் வெண்ணெய் வைக்க நாங்கள் முன்பு புழங்கிய கம்பிவலை அலமாரியைக் காட்டினார். இனி இது இங்கே எதற்கு, உங்கள் வீட்டுக்கு ஆகும், எடுத்துப் போங்கள் என்றார். மாமாவின் பேச்சை யார் மறுப்பது? ஃப்ரிட்ஜுக்காகக் கொண்டுவந்த கயிற்றை அதற்குக் கட்டி வேனில் ஏற்றினார்கள்.

ஆக, ஃப்ரிட்ஜ் திரும்பி வருகிறது என்று மாமா செவ்வாய்க்கிழமையே போட்டிருந்த கடிதத்தைப் பார்த்து, அடுப்படியில் இடம் ஒதுக்கி, பெருக்கிக் கோலம் போட்டுக் காத்திருந்த என் அண்ணிக்கு முன்னால் அந்த அலமாரி போய் இறங்கியது.

அண்ணி அதை, ஃப்ரிட்ஜுக்கு ஒதுக்கி வைத்த அதே இடத்தில் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கும் இரண்டு மூன்று ஃப்ரிட்ஜ் வந்து போய்விட்டது. அலமாரி மட்டும் இடம் மாறவில்லை. கீழ்பென்னாத்தூருக்கு நான் எப்போது போனாலும், புதிதாக யார் வந்திருந்தாலும், என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அண்ணி அதைக் காட்டுவார்.

"எங்க நாத்தனார் அனுப்புன ஃப்ரிட்ஜு. கரண்டு வேணாம், ராத்திரியில அணைக்கவும் வேணாம். இத்தனை வருஷத்துல ஒரு குரங்குகூடத் தொட்டதில்ல."